மண் ஒட்டாத முதுகு

பயில்வான் பெண்டாட்டி என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கடைத்தெருவில் வழிவிடுவார்கள். கறிக்கடையில் நல்ல எலும்பாகப் பார்த்துப் போடுவார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதற்கு என் இடுப்புதான் வேண்டியிருந்தது.

நான் கோவளத்தில் பிறந்தவள். அங்கே மணலைக் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும், ஆனால் கிணறு தேங்காய்த் தண்ணீர் மாதிரி இனிக்கும். செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், தண்ணீருக்காக நடக்க வேண்டும் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு ஏரிக்கரைப் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டால், நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அது நகர்கிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரயில்வேக்காரர்களின் வீடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு குழாய். நான் நின்றுகொண்டிருக்கும்போது யாராவது ஒருத்தி அதைத் திறந்து காலைக் கழுவிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரருக்குப் பகலில் சவுக்குக் கட்டை டிப்போவில் வேலை. செய்யூர்ப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வரும் கட்டையை இறக்கி அடுக்க வேண்டும். விடியலிலும், பொழுது சாய்ந்த பிறகும் தாலீம். தாலீம் என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, மூலையில் தோளைச் சுற்றிச் சுழற்றுகிற கர்லாக் கட்டைகள், நடுவில் குஸ்தி போடுகிற குழி, அவ்வளவுதான். அந்தக் குழிக்குத்தான் கோதா என்று பேர். திருக்கழுக்குன்றத்துச் செம்மண்ணைச் சலித்துக் கொட்டி, நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் எலுமிச்சம்பழச் சாறும் விட்டுப் பிசைந்து வைத்திருப்பார்கள். என் அடுப்படியில் தாளிக்க எண்ணெய் இல்லாத நாள் உண்டு, கோதாவில் மண்ணுக்கு எண்ணெய் இல்லாத நாள் கிடையாது. அந்த மண்ணில் இரண்டு வேளையும் புரண்டுவிட்டு வந்து கொல்லையில் நிற்பார். எண்ணெய் ஏறிய மண் உப்புத் தண்ணீருக்கு அசையாது. சோப்பும் நுரைக்காது. நான் சுமந்து வந்த நல்ல தண்ணீரைத்தான் குடம் குடமாக ஊற்ற வேண்டும்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். யானைக்குப் பாதாம் பருப்பை ஊறவைத்துத் தோல் உரித்து அம்மியில் அரைக்க வேண்டியதில்லை. இவருக்கு வேண்டும். அதற்குப் பால், அதற்கு நெய், வாரத்தில் இரண்டு நாளாவது ஆட்டுக்கால். போட்டி நெருங்கினால் வீட்டில் படுக்கக் கூடாது என்று தாலீமில் குஸ்தி சொல்லிக்கொடுக்கிற உஸ்தாத்தின் சட்டம் வேறு. குஸ்திக்கு லங்கோட்டாக் கோவணத்தை இறுக்கிக் கட்டியவன் வீட்டுப் பக்கம் ஒதுங்கினால் பலம் போய்விடுமாம். அந்த நாட்களில் எனக்கு ஓய்வு கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். அரைத்த பாதாம் இங்கிருந்து தாலீமுக்குப் போகும், மண் அப்பிய துணி அங்கிருந்து இங்கே வரும்.

அவர் பேர் வாங்கியது ஒரு பிடிக்காக. எதிராளியின் கையைத் தோளுக்கு மேல் இழுத்து, ஆளை முதுகில் ஏற்றி, சலவைக் கல்லில் துணியை அடிக்கிற மாதிரி முன்னால் அடிப்பது. தோபி பாட்டு என்பார்கள், சலவைக்காரன் பிடி என்று அர்த்தம். ஊரெல்லாம் அவருடைய தோபி பாட்டைப் பற்றிப் பேசும். துணி துவைத்தவள் நான்.

அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம். அக்காள் புருஷன் என்பதால் என் தம்பியும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். தம்பிக்குச் செங்கல்பட்டு ரயிலடியில் சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. படித்தவன், பேச்சுக்காரன். இந்தக் குஸ்தி நவாபுகளின் சிப்பாய்களோடு வடக்கேயிருந்து வந்தது என்று தாலீமில் சொன்னால், அதற்கு முன்னாலேயே இங்கே மல்லர்கள் இருந்தார்கள் என்று இவன் மல்லுக்கு நிற்பான். மாமல்லபுரம் என்ற ஊர்ப் பேரே அப்படி வந்ததுதானாம். ராஜாவே பெரிய மல்லனாம். இருக்கலாம். அந்த ராஜாவுக்கு முதுகு தேய்க்கத் தண்ணீர் இறைத்தவள் யார் என்று கேட்டேன். அது கல்வெட்டில் இல்லை என்றான்.

மண் குஸ்தியில் ஒரு நியாயம் உண்டு. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜோடி இறங்குவதற்கு முன்னால் இரண்டு பேருடைய முதுகையும் ஈரத் துணியால் துடைத்து, நான்கு பக்கமும் திருப்பிக் காட்டுவார்கள். நெஞ்சிலும் கையிலும் மண்ணைப் பூசிக்கொள்ளலாம், முதுகில் கூடாது. விழுந்தவனுடைய இரண்டு தோள்பட்டையிலும் மண் ஒட்டியிருந்தால் தோற்றான். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் ஆட்டம் தொடரும். எவ்வளவு நேரம் கிடந்தான், அமுக்கினானா, உருண்டானா என்ற பேச்சே கிடையாது. பட்டதா, பட்டது. சாட்சி சொல்ல மண் இருக்கிறது. தோற்றவன் தானே எழுந்து, ஜெயித்தவன் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டுவான். நடுவர் சொல்கிற வரைக்கும் காத்திருப்பவனைத் தாலீமில் மதிக்க மாட்டார்கள். அவர் போட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது நான் ஜெயித்தீர்களா என்று கேட்டதில்லை. கொல்லையில் திரும்பி நிற்பார், முதுகைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் என் கண்ணால் பார்த்தது இரண்டே குஸ்திதான். முதலாவது மாமல்லபுரத்தில், மாசித் திருவிழாவின்போது. கோவளத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழி அதுதான் என்பதால் என்னையும் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியைச் சவுக்குத் தோப்பு ஓரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். நானும் மாமியாரும் முன்பக்கத் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஊர்க்காரர்கள் வண்டி வைத்து மண் கொண்டுவரச் சோம்பல்பட்டு, கடற்கரை மணலையே குழியில் கொட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இவருடைய உஸ்தாத் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது மண்ணா? தோத்தவன் முதுகுலயும் ஒட்டும், ஜெயிச்சவன் முதுகுலயும் ஒட்டும், வேடிக்கை பாக்கறவன் முதுகுலயும் ஒட்டும். இதுல எறங்க மாட்டான் எம்புள்ள."

சாயங்காலம் செம்மண் வண்டிகள் வந்து சேர்கிற வரைக்கும் எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் குஸ்தி நடந்தது. இவர் எதிராளியைத் தூக்கி அடித்தார். கூட்டம் ஓவென்று கத்தி, இவரைத் தோளில் தூக்க ஓடி வந்தது. இவர் அவர்களைத் தள்ளிவிட்டு, விழுந்தவனைக் கைகொடுத்து எழுப்பி, அவன் முதுகை ஜனங்கள் பக்கம் திருப்பினார். "ஒரு பக்கம்தான் கீது. இன்னொரு தபா," என்றார். மறுபடியும் கோர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை இரண்டு பக்கமும் மண் ஒட்டியது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வண்டியில் கோவளம் போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அதே குணம் ஒருநாள் என் தலையில் விடியும் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருஷங்களில் பட்டணத்தில் வேறு ஒரு குஸ்தி நடந்துகொண்டிருந்தது. கயிறு கட்டிய மேடை, பளபளக்கிற அங்கி, ஊர் முழுக்க ஆள் உயரப் படம். அதில் யார் தோற்க வேண்டும் என்பது காலையிலேயே முடிவாகியிருக்கும் என்பார்கள். இவரையும் கூப்பிட ஒரு ஏஜெண்டு வந்தான். மூன்றாவது சுற்றில் கீழே விழுந்தால் போதும், மெத்தை போட்டிருக்கிறது, அடிபடாது என்றான். இவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். விழுந்தேன் என்று பொய்யாகச் சொல்ல என் உடம்புக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னார். நான் அம்மியில் இருந்தேன். சரி என்றேன். நமக்கென்ன, எப்படியும் பாதாம் அரைக்க வேண்டும்.

இதற்கிடையில் எனக்கு ஒன்று நடந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஏரிக்கரைக் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். குடம் உடையவில்லை, பித்தளைக் குடம். பிள்ளைதான் தங்கவில்லை. இனிமேல் உண்டானால் குடம் தூக்கக் கூடாது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொன்னாள். சொல்வது சுலபம். மாமியாருக்கு முட்டி வலி, அவரால் தண்டவாளத்தை ஏறி இறங்க முடியாது. பயில்வான் குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும். குடம் தானாக நடந்து வராது.

அப்போதுதான் தம்பி அந்தச் செய்தியோடு வந்தான். ரயில்வேயில் பந்தாட்டக்காரர்களையும் பயில்வான்களையும் தேடி வேலைக்கு எடுக்கிறார்கள். செங்கல்பட்டிலேயே ஒரு போட்டி வைக்கப்போகிறார்கள், பெரிய ஆபீசர் வந்து பார்ப்பார், இவருடைய எடையில் ஜெயிக்கிறவனுக்கு வேலை.

"வேலைன்னா சும்மா இல்லக்கா. குவார்ட்டர்ஸும் உண்டு. வயசு வரம்பு இந்த வருசத்தோட மச்சானுக்கு முடியுது. இத வுட்டா அப்புறம் கெடையாது."

குவார்ட்டர்ஸ் என்ற வார்த்தை என் காதில் குழாய் என்றுதான் விழுந்தது. அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லங்கோட்டாச் சட்டத்தைப் பயில்வான் எந்த லட்சணத்தில் காப்பாற்றினார் என்று தாலீமில் கேலி பேசுவார்கள், அவர் மனசு கலையும். போட்டி முடியட்டும், ஒரே மூச்சில் இரண்டு நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதுவரைக்கும் அரைக் குடமாகத் தூக்கினேன். தண்டவாளத்து அருகே நிற்கும்போது, வரிசையில் எந்த வீடு நமக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முருங்கை மரம் இருக்கிற கடைசி வீடு வந்தால் தேவலை என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தப் போட்டி கோதாவில் இல்லை. தென்னை நாரை அடைத்த மெத்தைகளை அடுக்கி, மேலே கித்தானை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஆட வேண்டும். வெளிநாட்டில் ஆடுகிற முறை அதுதானாம், இனிமேல் எங்கும் அதுதானாம். அதற்குச் சட்டம் வேறு. தம்பி தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

"மச்சான், நல்லா கேட்டுக்கோ. இதுல முதுகு பட்டா தோல்வி இல்ல. ரெண்டு தோளையும் அழுத்திப் புடிச்சி, நடுவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் வச்சிருக்கணும். அதுக்குள்ள உருண்டு போயிட்டா கணக்கே இல்ல. எழுந்து சண்டைய தொடரலாம்."

"ம்."

"பட்ட ஒடனே எழுந்து கைய தூக்கிடாத."

"ம், ம்."

அவர் கடலை எண்ணெயை முழங்கையில் தேய்த்துக்கொண்டே கேட்டார். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். எனக்கு ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்குக் காதில் விழுந்தது, உடம்பில் விழவில்லை. பதினைந்து வயதிலிருந்து மண்ணுக்குப் பழகிய முதுகு அது. எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. மெத்தையில் புரண்டால் மண் இல்லை, எண்ணெய் இல்லை, கழுவுகிற வேலையே இல்லை. இந்தக் குஸ்தியைக் கண்டுபிடித்தவனுக்குப் பெண்டாட்டிமேல் இரக்கம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

போட்டி பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. பெண்களுக்கென்று ஓரமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் வரிசையிலேயே உட்கார்ந்தேன். மெத்தை தரையோடு கிடந்ததால், படுத்திருக்கிற ஆளைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆபீசர் எதிர்ப் பக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். தம்பி அவருக்குப் பின்னால் நின்றான்.

எதிராளி பட்டணத்து இளவட்டம். மெத்தையிலேயே பழகியவன், காலில் ஷூ போட்டிருந்தான். இவர் வெறுங்காலோடு ஏறினார். ஏறும்போது குனிந்து கையால் தரையைத் தொட்டார், மண்ணை எடுத்து எதிராளி கையில் கொடுக்கிற பழக்கம். கித்தான்தான் கையில் பட்டது. ஒன்றுமில்லாத கையைப் பார்த்துவிட்டு, சும்மா கையைக் குலுக்கினார். 

ஆனால் நன்றாகத்தான் ஆடினார். அந்த இளவட்டம் காலைப் பிடிக்க வரும்போதெல்லாம் கழுத்தில் கையைப் போட்டு அமுக்கி அனுப்பினார். இரண்டு முறை அவனைக் குப்புறத் தள்ளி மேலே ஏறினார். நடுவர் இவர் பக்கம்தான் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆபீசர் பக்கத்திலிருந்தவரிடம் தலையை ஆட்டி ஏதோ சொன்னதைப் பார்த்தேன். தம்பி என் பக்கம் திரும்பிச் சிரித்தான். முருங்கை மரத்து வீடு, குழாய், பக்கத்தில் ஒரு கல் போட்டுக்கொண்டால் உட்கார்ந்தே துணி துவைக்கலாம், இவ்வளவும் அதற்குள் என் மனசில் ஓடிவிட்டது.

அப்புறம் இவர் தோபி பாட்டுக்குப் போனார். கையைத் தோளுக்கு மேல் இழுத்துக் குனிந்தார். மண்ணில் என்றால் கால்விரல் பதிந்து நிற்கும், கித்தானில் வழுக்கியது. அவன் இவர் முதுகிலிருந்து நழுவி, இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்த்தான். இவர் விழுந்தார். இடது தோள் பட்டது. வலது தோளுக்கும் கித்தானுக்கும் நடுவில் என் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. என் கண்ணுக்கு நேரே நடந்தது அது. அதே வேகத்தில் அவர் சுழன்று குப்புறத் திரும்பிவிட்டார். அவனுடைய பிடியும் விட்டுப்போயிற்று. மெத்தைச் சட்டத்தில் அது ஒன்றுமே இல்லை. மண் சட்டத்திலும் அது ஒரு பக்கம்தான்.

இவர் எழுந்தார். எழுந்து அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். இன்னொரு கையால் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பந்தலில் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த இளவட்டத்துக்கே புரியவில்லை, கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"மச்சான், இன்னும் எண்ணவே இல்ல மச்சான்," என்று தம்பி ஆபீசர் நாற்காலிக்குப் பின்னாலிருந்தே கத்தினான்.

நடுவர் இவர் தோளைத் தொட்டு, "ஆட்டம் முடியலப்பா, வா," என்றார்.

"முதுகு பட்டுச்சி சார்."

"பட்டா போதாது. புடிச்சு வைக்கணும். நீதான் புள்ளில முன்னால இருக்கே. வந்து ஆடு."

"பட்டா போதும் சார் எங்களுக்கு," என்றார் இவர். சாந்தமாகத்தான் சொன்னார். கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. டிப்போவில் கட்டையை எண்ணி ஒப்படைக்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நடுவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர், ஆட மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது என்கிற மாதிரி கையை விரித்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாய்க்குப் பக்கத்தில் வந்ததை அவரே தட்டிவிட்டார்.

நான் எழுந்து கத்தியிருக்கலாம். ஒரு தோள்தான் பட்டது, நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். துப்பட்டி போட்டுக்கொண்டு அத்தனை ஆண்களுக்கு நடுவில் பயில்வான் பெண்டாட்டி எழுந்து நியாயம் பேசினால், அதைவிட அவருக்குப் பெரிய தோல்வி வேறில்லை. உட்கார்ந்திருந்தேன். 

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஆண்களை உலகம் பூராவும் பார்க்கலாம். ஒட்டாத மண்ணை ஒட்டியது என்று சொன்ன ஒரே ஆண் எனக்கு வந்து வாய்த்தார்.

சாயங்காலம் வழக்கம்போல் கொல்லையில் போய்த் திரும்பி நின்றார். நானும் வழக்கம்போல் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். முதுகு சுத்தமாக இருந்தது. வியர்வையும், கித்தான் உரசிய சிவப்புக் கோடுகளும்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"மண்ணே இல்லியே மச்சான் இதுல."

"அங்க மண்ணு ஏது?"

"அப்ப உங்களுக்கு எப்டி தெரியும், ரெண்டும் பட்டுச்சின்னு?"

"எம் முதுகு. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான், என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாதாமிலிருந்து ஆரம்பித்தேன். போன பிள்ளையைச் சொன்னேன். வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சொன்னேன், மருத்துவச்சி சொன்னதையும் சொன்னேன். "குடம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறா. இன்னா பண்ணட்டும் நானு? உங்க நாணயத்த மோந்து குடிக்கட்டுமா?" என்று கேட்டேன். மாமியார் உள்ளேயிருந்து அடக்கப் பார்த்தார். நான் அடங்கவில்லை. அவர் திரும்பாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வலது தோள் படவில்லை என்பதை. அதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். பெருந்தன்மை என்றெல்லாம் இல்லை, அலுப்புதான். அதைச் சொன்னால் அந்த மனுஷன் உடைந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் அவரைத் தேற்ற நான்தான் எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

மறுநாள் விடிந்து எழுந்தபோது வாசலில் குடங்கள் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சற்று நேரத்தில் அவர் வந்தார். தோளுக்கு ஒன்றாக இரண்டு பித்தளைக் குடம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பயில்வானுக்குக் குடம் இடுப்பில் நிற்காது, தோளில்தான் வைக்க வேண்டியிருந்தது. தாலீமுக்குப் போகிற நேரம் அது. குடத்தை இறக்கிவிட்டு மறுபடியும் கிணற்றுக்குப் போனார்.

ஊர் சிரிக்கும் என்றேனே, சிரித்தது. கிணற்றடியில் பெண்கள் முதலில் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கடைத்தெருவில் தண்ணிப் பயில்வான் என்று பேர் வைத்தார்கள். தாலீமில் கேலி தாங்காமல் உஸ்தாத்தே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். இவர் ம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாளில் தாலீமுக்குப் போவதும் குறைந்தது. தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி நின்றால், முருங்கை மரத்து வீட்டுக்கு எதிரே, தோளில் குடங்களோடு அவர் நிற்பார். அந்த வீட்டுக்கு யார் குடி வந்தார்கள் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. பிள்ளை தங்கியது. பெண் குழந்தை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் குழாய்தான். அவர் அத்தனை வருஷம் தூக்கிய தண்ணீரையெல்லாம் சேர்த்தாலும், கையை நீட்டித் திருகினால் வருகிற தண்ணீருக்கு ஈடாகாது. டிப்போவில் கட்டை தூக்கின தோளிலேயே குடத்தையும் தூக்கி, அவருக்கு வலது தோள் சீக்கிரமே இறங்கிவிட்டது. எனக்கு அது தினமும் கண்ணில் படும். அந்தத் தோள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

பெண் நடக்கப் பழகியிருந்த ஒரு காலையில், அவர் குடங்களை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். தளும்பின தண்ணீரில் முதுகு பூராவும் நனைந்திருந்தது. துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். அந்தப் போட்டியைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி நீ முன்னாடிதானே குந்திகினு இருந்தே?"

"ஆமா."

"பட்டுச்சா?"

துண்டால் வலது தோளைத் துடைத்தேன். மண் இருந்திருந்தால் அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை நாளாக இந்தக் கேள்வியையும் குடத்தோடு சேர்த்துச் சுமந்தாரோ தெரியவில்லை.

"பட்டுச்சி மச்சான். ரெண்டும் பட்டுச்சி. நான் பாத்தேன்."

"அதானே," என்றார். காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போனார்.